விரதம் இருந்த கம்ப்யூட்டர்கள்

"கல்யாணப் பத்திரிகை அடிக்கற எடத்துல கறுப்பைக் கொண்டு வந்து வெச்சது யாரு?"

எங்க முதலாளி ஸ்ரீனிவாசன் சார் போட்ட சத்தம் கரமனை பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். சும்மாவே முன்கோபி. அன்னைக்கு அவர் கோபத்துல நியாயமும் இருந்தது.

எங்க டி.டி.பி. சென்டர்ல மூணு கம்ப்யூட்டர். மூணும் கரிக்கட்டையா இருந்தது. வெள்ளையா இருந்த பக்கமெல்லாம் கறுப்பு, அதுல மஞ்சள் எழுத்து. ஏதோ வைரஸ்னு நான் நினைச்சேன். நான் பைண்டிங் ஆளு, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

"நான்தான் சார் மாத்தினேன்"னு சுஜா எழுந்து நின்னா. பாறசாலையிலேர்ந்து பஸ் ஏறி வர்ற பொண்ணு. வேலைக்கு வந்து வருஷம்கூட ஆகல்ல, ஆனா வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது.

"விருச்சிக மாசம் பொறந்தாச்சுல்லா சார். நீங்க மாலை போட்டு கறுப்பு உடுத்திருக்கிய. அதான், கம்ப்யூட்டரும் விரதம் இருக்கட்டும்னு செட்டிங்ல மாத்தி வச்சேன்."

அடிப்பாவி, இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா சபரிமலைக்கு மாலை போட்டவர் கோபப்படக் கூடாதே. அது சாருக்கு அப்பத்தான் ஞாபகம் வந்திருக்கணும். வாய்க்குள்ள "சரணம் ஐயப்பா"ன்னு முனகிக்கிட்டு மூணு ஸ்க்ரீனையும் பாத்தாரு. கடைசி கம்ப்யூட்டர்ல சாவித்ரி மாமி தலை நிமிராம டைப் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. அங்க கொஞ்சம் கூடுதலாவே நின்னாரு.

"நான் மலைக்குப் போய் மாலையைக் கழட்டற வரைக்கும்தான். வந்த அன்னிக்கே எல்லாம் வெள்ளையாகணும், கேட்டோ"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மத்தியானம் டீ குடிக்கப் போன இடத்துல சுஜாவை நல்லா ஏசினேன். பொழைக்கிற இடத்துல என்ன விளையாட்டு, அந்த மனுஷன் மாலையைக் கழட்டினா பழைய ஆளாயிடுவாரு, அப்ப தெரியும் சங்கதின்னேன். அவ கிளாஸைக் கீழ வச்சா.

"மாமிக்கு வேண்டித்தான் அண்ணே."

சாவித்ரி மாமி டைப்ரைட்டர் காலத்துலேர்ந்து இங்க இருக்கிறவங்க. அடிச்சா ஒரு தப்பு இருக்காது. அப்பேர்ப்பட்ட கை, ஐப்பசியில ஒரு பத்திரிகையில முகூர்த்த நேரத்தையே மாத்தி அடிச்சிருச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து சத்தம் போட, இன்னொரு தப்பு வந்தா ஆத்தோட இருந்துக்கோன்னு சார் எங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. மாமிக்குப் புருஷன் இல்லை. மகள் நர்சிங் படிக்குது. இந்த வேலை போனா அந்தப் படிப்பும் போச்சு.

கை தப்பல்ல, கண்ணுதான் தப்புதுன்னு சுஜா சொன்னா. வெள்ளை ஸ்க்ரீனைப் பாத்தா மாமிக்குக் கண்ணு கூசி எழுத்தெல்லாம் கலங்கிடுமாம். கண்ணாடி மாத்தினாலும் சரியாகாதுன்னு டாக்டர் கையை விரிச்சாச்சு. கறுப்புல மஞ்சள்னா மட்டும் பளிச்சுனு தெரியுதாம்.

"அப்ப மாமியோடதை மட்டும் மாத்தினா போராதா?"

"அது ஒண்ணு மட்டும் கறுப்பா இருந்தா ஏன்னு கேப்பாவல்லா. சாருக்குக் கண்ணு விஷயம் தெரிஞ்சா அன்னைக்கே மாமிக்கு வேலை போச்சு."

அவளுக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மண்டல காலம் முழுக்க மாமி கையிலேர்ந்து ஒரு தப்பு வரல்ல. பத்திரிகை அடிக்க வர்றவங்ககூட இப்பல்லாம் கொட்டை கொட்டையா எழுதிக் கொடுக்கறா, நல்ல காலம்தான்னு மாமி சிரிச்சாங்க. சார்தான் விசித்திரமா ஆயிட்டாரு. நாங்க ஒரு ஜெராக்ஸ் கூடுதலா எடுத்தா மூக்கால அழுவறவர், தினமும் எங்களுக்கு முன்னால வந்து ஜெராக்ஸ் மெஷின் கிட்டயே நின்னாரு. பஜனைப் பாட்டு காப்பி எடுக்கறார் போலன்னு நானும் சுஜாவும் கேலி பண்ணுவோம்.

மகரவிளக்கு முடிஞ்சுது. சார் திரும்பி வர்ற அன்னைக்குக் காலையில மாமி கொண்டு வந்த இட்லியைத் தொடவே இல்லை. இன்னும் ஒரு வருஷம் ஓட்டிட்டா போரும், பொண்ணு படிச்சு முடிச்சுடுவாளே சுஜான்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

சார் வந்தாரு. வெள்ளை வேட்டி, நெத்தியில சந்தனம், கழுத்துல மாலை இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் அரவணைப் பாயசம் கொடுத்தாரு.

சுஜா மவுஸ்ல கையை வச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா. "வெள்ளையா மாத்திரட்டா சார்?"

"மாலையைக் கழட்டினது நான். அதுகளுக்கு என்ன அவசரம்? அப்படியே இருக்கட்டும்."

"பத்திரிகைக்கு வர்றவங்க கறுப்புன்னு முகம் சுளிச்சா?"

"ஐயப்பனுக்கு நேர்ச்சைன்னு சொல்லு."

சுஜா மவுஸை விட்டா. மாமி கண்ணை மூடி, பெருசா ஒரு மூச்சு விட்டாங்க. எனக்கும் அப்பத்தான் மூச்சு வந்தது. தப்பிச்சோம், இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சுஜாவைப் பாத்துக் கண்ணைக் காட்டினேன்.

சார் நேரா ஜெராக்ஸ் மெஷின் கிட்டப் போனாரு. யாரோ பொடி எழுத்துல எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை உள்ள வச்சாரு. வெளிய வந்த பெரிய தாள்ல ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு இருந்தது. அந்தச் சின்னக் காகிதத்தைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, தாளை மாமி முன்னால வச்சாரு.

"தெரியறதோ, சாவித்ரி? இல்லேன்னா சொல்லு, தெனம் பண்றதுதானே, இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணித் தரேன்."