பதினொரு டோக்கன்

நாலாம் மெஷின்காரி, அடுத்த மெஷின் அக்காவுக்குப் பதினொரு டோக்கன் கடன்பட்டிருந்தாள். அந்தத் தையல் கம்பெனியில் கழிவறைக்குப் போக நாளைக்கு ஆளுக்கு இரண்டு டோக்கன்தான். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு அது போதவில்லை. தும்மினாலே பாவாடை நனைந்துவிடும். அக்காவோ இடத்தைவிட்டு எழுந்ததே இல்லை.

"திருப்பித் தர வழியில்லைக்கா. நாளையிலேர்ந்து வேலைக்கு வரல."

"கடனை யாருடி கேட்டா?"

"உனக்கு அவசரமே வராதா? வயித்தக் கல்லுல செஞ்சு வெச்சிருக்கியா?"

அக்கா பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பெரியவர்கள் கட்டும் டயப்பர் நான்கு இருந்தன.

"ஏழு வருஷமா கட்டுறேன். உன்னைவிட மோசம்டி நான். எனக்கெதுக்கு டோக்கன்? கடனெல்லாம் தள்ளுபடி. இந்தா, ஒண்ணு எடுத்துக்கோ. ஒழுங்கா நாளைக்கு வந்து சேரு."

நாலாம் மெஷின்காரி வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்சம் நனைந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.