பதினோரு சுற்று

"நானூத்தித் தொண்ணூறு!"

சொல்லிக்கொண்டே வந்த ராஜேஸ்வரி, கணவரின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே பிராகாரத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. இரண்டு பாதமும் வீங்கிக் கிடந்தன.

"மிச்சம் பதினொண்ணுதாங்க. கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்."

"மெதுவாப் போ ட்டி. கோயில் எங்கயும் ஓடிறாது," என்றார் இசக்கித்துரை.

கோயில் ஓடாது, நாள் ஓடிவிடும். கொடியேறியதில் இருந்து ஆடித் தபசுக்குள் சுற்றி முடித்தாக வேண்டும். விடிந்தால் தபசு. நாளைக்குச் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடமிருக்காது.

ஒன்பது நாளாக அவர் இந்தத் தூணோரம் உட்கார்ந்து அவள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கார்கிலில் முதுகெலும்பில் குண்டுச் சிதறல் பாய்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து, கல்யாணமாகி நாலு மாசம். இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றோடு போயிற்று. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம் ராஜேஸ்வரிதான்.

பிள்ளை இல்லை. தம்பி வீடு கரிவலத்தில்தான் இருக்கிறது, பைக்கில் வந்தால் இருபது நிமிஷம். வருவதுதான் இல்லை. முன்னெல்லாம் கார்கில் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். இந்த வருஷம் ஒரு போன்கூட வரவில்லை. நாள் முழுக்க அவர் காதில் விழுகிற மனுஷக் குரல் இவள் ஒருத்தியுடையதுதான்.

வருஷா வருஷம் தபசுக்கு அவள் வெள்ளியில் இரண்டு கால் உருவம் வாங்கி உண்டியலில் போடுவாள். "போட்ட காலையெல்லாம் சேத்தா ஒரு பட்டாளமே நடக்கலாம் ட்டி," என்று இவர் கிண்டல் பண்ணுவார். இந்த வருஷம் கால் வாங்கவில்லை. ஐநூற்றியொரு சுற்று என்றாள். எதற்கு என்று கேட்டால், "சொன்னா பலிக்காது," என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. போன மாசம் வயிற்று வலி என்று அவள் தனியாகத் திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தாள். அன்று பொழுது சாயும்வரை அவர் படுத்த வாக்கிலேயே கிடந்தார். வந்தவள், "சின்னக் கட்டிதான், மாத்திரையிலயே கரைஞ்சிரும்," என்றாள். தனக்கென்று சாமியிடம் எதையுமே கேட்டறியாதவள், இந்த ஒரு தடவையாவது தன் உடம்புக்காகக் கேட்டிருக்க வேண்டுமே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

ராஜேஸ்வரி தூணைப் பிடித்து எழுந்தாள். நாலு எட்டு வைத்தாள். கால் மடங்கி விழுந்துவிட்டாள்.

கூடவே சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தாள்.

"இனிமே நீ நடந்த மாதிரிதான். இதுக்குப் போயி எதுக்கு அழுகை? மிச்சத்த வீட்டாளு யாராவது சுத்திக் குடுத்தாலும் அம்மன் ஏத்துக்கிடுவா."

"வீட்டாளு நான் இருக்கேம்லா," என்றார் இசக்கித்துரை. "நான் சுத்துதேன்."

ராஜேஸ்வரி பதறிப்போனாள். "ஐயோ, நீங்க சுத்தக் கூடாது!" என்று சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன், கால் விளங்காதவன் சுத்துனா அம்மன் கணக்குல சேக்க மாட்டாளோ? அவளே ஒத்தக் கால்ல தவம் நின்னவதான?"

"அதுக்கில்லங்க. நேர்ச்சை குறையாவே கிடக்கட்டும். விட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"புருஷன் கை நோகும்னு எப்படி உருகுதா பாரேன்!" கோமதியம்மாள் சிரித்துக்கொண்டே அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "விடு ட்டி. அண்ணாச்சி ஆசையாச் சுத்தட்டும்."

முதல் மூன்று சுற்று சுலபமாகத்தான் இருந்தது. நாலாவதில் உள்ளங்கை கன்றியது. ஏழாவதில் தோல் உரிந்தது. பாவம் பார்த்து யாரோ ஒருவர் பின்னால் தள்ளிவிட வந்தார். வேண்டாம் என்றுவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கென்று அவர் செய்கிற முதல் காரியம் இது. அதை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

அம்மன் சன்னதிப் பக்கம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றையேதான் வேண்டினார். "அவ என்ன கேட்டாளோ எனக்குத் தெரியாது. அத அப்படியே குடுத்துரு தாயே."

தூணைத் தாண்டும்போதெல்லாம் ராஜேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, அவர் இன்னும் வேகமாகத் தள்ளினார்.

"ஐநூத்தி ஒண்ணு!"

பட்டாளத்தில் ஆஜர் சொல்வது மாதிரி கத்தினார். கோமதியம்மாள் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். ராஜேஸ்வரி அவருடைய இரண்டு கையையும் பிடித்து, ரத்தம் கசிகிற உள்ளங்கையைத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை.

"இனி சொல்லலாம்லா? அவ கேட்டதக் குடுன்னு பதினோரு தடவ வேண்டியிருக்கேன். அப்படி என்னதான் கேட்ட?"

அவள் அவருடைய உள்ளங்கை ரத்தத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"டாக்டர் எனக்கு ஆறு மாசம்தான்னு சொல்லிட்டாருங்க," என்றாள் கடைசியில். "என்ன விட்டா உங்களுக்கு யாரு இருக்கா? அதான், எனக்கு முந்தி உங்க உசுர எடுத்துக்கிடுன்னு கேட்டேன்."