தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை

"பெரிய கே. சின்ன எம். ஏழு. அப்புறம் ஒரு கோடு. கீழ்க்கோடு இல்லக்கா, நடுக்கோடு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் அந்த வரிசை மேசைகளில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"மெசேஜ்ல அனுப்பினா கை தேஞ்சிடுமா உனக்கு?"

"கண்ணாடி கைல இல்லக்கா. டைப் அடிச்சா தப்பாயிடும்."

"மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கவன் பேசற பேச்சா இது?"

மறுமுனையில் தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கடை அவனுடையது. கடைக்கான இணையதளத்தை ஒரு காலத்தில் கட்டிக் கொடுத்தவள் அவள். தளத்தின் முகவரிப் பெயரும் அவள் கணக்கில்தான் பதிவாகியிருந்தது. அந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தொண்ணூறு நாளில் காலாவதியாகிவிடும். புதுப்பிக்காமல் விட்டால், கண் பரிசோதனைக்கு நேரம் குறிக்க வருகிறவர்களை உலாவியே வாசலில் நிறுத்தி, இங்கே போகாதே என்று பயமுறுத்தும்.

புதுச் சான்றிதழ் வேண்டுமென்றால், பெயர் உங்களுடையதுதானா என்று வழங்குகிறவர்கள் கேட்பார்கள். அர்த்தமே இல்லாத ஒரு நீண்ட எழுத்துச் சரத்தைக் கொடுத்து, அதை டிஎன்எஸ் என்கிற பெயர்ப் பதிவில் எழுதிக்காட்டச் சொல்வார்கள். அந்தப் பதிவைத் திறக்கும் சாவி அவளிடம் மட்டும்தான்.

அதனால் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை தம்பி கூப்பிடுவான். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வான். அவள் எழுதி முடித்ததும் "வேற?" என்பாள். "வேற ஒண்ணுமில்லக்கா" என்பான். வைத்துவிடுவாள்.

அம்மா இறந்ததை, எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் அவளுக்குச் சொன்னான். நான்கு வருடமாகிறது. நீ ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தே, எப்படிச் சொல்றது என்றான். அவளால் அதை விழுங்க முடியவில்லை. வேலை விஷயமா இருந்தா மட்டும் கூப்பிடு, வேறெதுக்கும் என் நம்பரைத் தொடாதே என்று சொல்லிவிட்டாள். அவனும் அப்படியே நடந்துகொண்டான். வேலை விஷயத்துக்கு மட்டுமே கூப்பிட்டான்.

இன்று அவளுக்கு அலுத்துப்போயிற்று.

"இத்தோட இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம். சர்வர் பாஸ்வேர்டைச் சொல்லு. இனிமே அதுவே கேட்டு, அதுவே எழுதி, அதுவே புதுப்பிச்சுக்கும்."

கடையில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது.

"எதுக்குக்கா மெனக்கெடறே? வருஷத்துக்கு நாலு தடவைதானே."

"எனக்கு நாலே ஜாஸ்தி."

பாஸ்வேர்டைச் சொன்னான். அதை மட்டும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

இருபது நிமிட வேலை. ஒரு சின்ன நிரலைச் சர்வரில் வைத்து, பதிவில் எழுதுவதற்கான சாவியை அதன் கையில் கொடுத்து, ஓட விட்டாள். நிரல் சரத்தை வாங்கியது, பதிவில் எழுதியது, சான்றிதழோடு திரும்பி வந்தது. ஒரு மனிதக் குரல்கூடத் தேவைப்படவில்லை.

தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: 'முடிஞ்சது. இனி நீ கூப்பிடவே தேவையில்லை.'

பிறகு பழைய குப்பையைக் கூட்டலாம் என்று பதிவைத் திறந்தாள். நான்கு வருடமாக அவள் எழுதிய சரங்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. அழிக்க அவள் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை.

வலது ஓரம் சீராக இல்லை.

இந்தச் சரம் எப்போதுமே நாற்பத்து மூன்று எழுத்துதான். கூடாது, குறையாது. நிரல் சற்றுமுன் எழுதியது நாற்பத்து மூன்று. தம்பி சொன்னதில் முதல் ஐந்தும் நாற்பத்து மூன்று.

ஆறாவது நாற்பத்தேழு.

அதற்கடுத்தது ஐம்பத்திரண்டு. அதற்கடுத்தது ஐம்பத்தைந்து.

அவள் சர்வருக்குத் திரும்பிப் போய்ப் பழைய சான்றிதழைத் தேடினாள். 'நாளைக்கு முடியுதுக்கா' என்று இன்று அவன் பதறிய சான்றிதழ், இருபது நாளுக்கு முன்புதான் வாங்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தியதும், அதற்கு முந்தியதும் அப்படியே, அவன் கூப்பிட்ட எந்தத் தேதியோடும் ஒட்டாமல். சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் தன் பங்கில் தளத்திலேயே ஒரு அடையாளக் கோப்பை வைத்து, பெயர்ப் பதிவைத் தொடாமலே, மூன்று வருடமாகத் தானே புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதம் என்று பொத்தானை அழுத்தியவர் பெயரும் இருந்தது. தம்பிதான்.

இன்று மதியம் அவன் சொன்ன சரம், நிரல் எழுதியதற்கு நேர் மேலே இருந்தது. விரலை வைத்து எண்ணினாள். அறுபத்தெட்டு.

அதன் கடைசிப் பதினொரு எழுத்துகளும் ஒரே எழுத்து. சின்ன ஏ, சின்ன ஏ, சின்ன ஏ. இன்னும் எவ்வளவுடா இருக்கு என்று அப்போது அவள் எரிந்து விழுந்திருந்தாள். இதோ, இன்னும் கொஞ்சம்தான்க்கா என்றிருந்தான்.

மேசைமேல் போன் ஒருமுறை அதிர்ந்தது.

'சரிக்கா. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.'