முட்டை அட்டையில் ஒரு கூழாங்கல்

ஆற்றில் கிடந்தவரை அந்தக் கூழாங்கல் செக்கச்செவேல் என்று இருந்தது. கல் சேர்க்கும் எழிலி அதைப் பொறுக்கிப் பையில் போட்டாள். வீடு வருவதற்குள் அது ஈரம் காய்ந்து சாம்பல் பூத்துவிட்டது. அவள் ஒரு சீட்டில் ஏதோ கிறுக்கி, முட்டை அட்டைக் குழியில் போட்டு, அதன்மேல் கல்லை வைத்து மூடினாள்.

"அவ என்னை இன்னும் சரியாப் பாக்கலை. பாத்தா தெருவுல வீசிருவாளே!" என்று நடுங்கியது கூழாங்கல்.

"ரோட்டுல கிடந்த என்னையே வெச்சிருக்கா. பேசாம இரு" என்றது பக்கத்துக் குழி ஜல்லிக்கல்.

"உனக்கென்னண்ணே, நனைஞ்சாலும் காஞ்சாலும் நீ கறுப்புதான்."

ஞாயிற்றுக்கிழமை எழிலி தோழிக்குக் காட்ட அட்டையைத் திறந்தாள். கூழாங்கல்லுக்குப் பயத்தில் உயிரே போய்விட்டது. அவள் அதை எடுத்து நாக்கால் ஒரு நக்கு நக்கினாள். கல் சிவந்து மின்னியது. தோழி வாயைப் பிளந்தாள்.

"தப்பிச்சேன் சாமி!" என்றது கூழாங்கல்.

ஜல்லிக்கல் காலிக் குழியை எட்டிப் பார்த்துச் சீட்டைப் படித்தது: "ஆத்துக் கல். காஞ்சா சாம்பல், நனைச்சா சிவப்பு."

"அது என்னைக்கு எழுதினதுண்ணே?"

"நீ வந்த அன்னைக்கே."

கூழாங்கல்லின்மேல் எச்சில் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.