பல் தெரியக்கூடாது

"இந்தக் கண்ணைப் பாருங்கய்யா. பெத்த தாயையே வித்துட்டு வர்ற கண்ணு."

போட்டோ ஸ்டூடியோக்காரர் டிவி திரையின் மேலேயே விரலை வைத்துக் காட்டினார். பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்து மருந்துக் கடைக்காரர், இன்னொருவர் எதிரே வண்டி போடும் டாக்ஸிக்காரர். இருவருக்கும் சொந்தக் கடையிலும் சொந்த வண்டியிலும் இருப்புக்கொள்ளவில்லை.

நடுவானில் காணாமல் போன விமானத்தைக் கடலில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள். ஸ்டூடியோவில் மட்டும் நேற்றே கண்டுபிடித்தாகிவிட்டது. கடத்தல்தான், சந்தேகமே இல்லை.

அதில் போன இரண்டு பேர் அடுத்தவர் பாஸ்போர்ட்டில் ஏறியிருக்கிறார்கள் என்று எப்போது செய்தி வந்ததோ, அப்போதிலிருந்து டிவிக்காரர்கள் மற்ற பயணிகளையும் நோண்ட ஆரம்பித்தார்கள். நோண்டியதில் சிக்கியவன்தான் இந்த ஆள். புத்தம்புது பாஸ்போர்ட். கடைசி நேர டிக்கெட். தொழில், லிஃப்ட் மெக்கானிக். போதாதா? பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுவிட்டார்கள்.

லிஃப்டை மேலயும் கீழயும் ஓட்டுறவனுக்கு விமானம் எம்மாத்திரம் என்றார் டாக்ஸிக்காரர். ஏதோ மயக்க மருந்தாகத்தான் இருக்கும் என்று மருந்துக் கடைக்காரர் தன் தொழிலை உள்ளே இழுத்தார்.

ஸ்டூடியோக்காரருக்குக் கோபமெல்லாம் ஏர்போர்ட்காரர்கள் மேல்.

"படத்தைப் பார்க்கிறான், மூஞ்சியைப் பார்க்கிறான், முத்திரையைக் குத்துறான். கண்ணைப் பார்க்கிறானா? இவ்வளவு வருஷமா பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறேன். என்னை அங்க ஒரே ஒரு நாள் உட்கார வைக்கட்டும். இந்த மாதிரி ஆளை வாசலிலேயே அமுக்கிடுவேன்."

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"என்னம்மா, பாஸ்போர்ட்டா? வந்து ஸ்டூல்ல உட்காரு. காது ரெண்டும் தெரியணும், பல்லு தெரியக்கூடாது."

"எனக்கு இல்லண்ணே. என் வீட்டுக்காரர் மூணு மாசம் முன்னாடி இங்க எடுத்தார். நீங்க வேண்டாம்னு ஒதுக்கின படங்கள் இருக்குமா? சிரிச்ச மாதிரி ஒண்ணு வேணும்."

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. கழித்த படத்தைத் தேடி யாராவது வருவார்களா? இன்னொரு நாள் வா என்று கையை ஆட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

அவள் நகரவில்லை.

"இன்னிக்கே வேணும்ண்ணே. சாயங்காலம் டிவிக்காரங்க வர்றாங்க. நல்ல படம் குடுத்தா இதை எடுத்துட்டு அதைப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. எங்ககிட்ட இருந்த படமெல்லாம் அவர் போன்லதான், அது அவரோடயே போயிடுச்சு. நீங்க இப்ப பார்த்துக்கிட்டிருக்கீங்களே, அவர்தான் என் வீட்டுக்காரர்."

டாக்ஸிக்காரர் எழுந்து டிவியை அணைத்தார்.

அவள் அழவில்லை. குடியிருக்கிற வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறதாம். டிவியில் வருவது அப்பா இல்லை, வேறு யாரோ என்று அடம் பிடிக்கிறதாம். இதையெல்லாம் வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னாள்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பாழாய்ப்போன முகம் தன் ஸ்டூலிலா உட்கார்ந்தது? எத்தனையோ காதுகளைப் பார்க்கிறார், கழுத்துகளை நிமிர்த்துகிறார். ஆளை எங்கே பார்த்தார்? நல்லவேளை, எதையும் அழிக்கிற பழக்கம் இல்லை, சோம்பேறித்தனம்தான்.

படங்கள் வரிசையாகத் திறந்தன.

முதல் படத்தில் சிரிப்பு. அடுத்ததில் வாயை மூடியிருக்கிறார், ஆனால் கன்னம் சிரிக்கிறது. அதற்கடுத்ததில் அடக்க முடியாமல் தலையே திரும்பிவிட்டது. வெளிநாட்டு வேலை கிடைத்த சந்தோஷம் முகம் பூராவும் வழிகிறது. கடைசிப் படம் மட்டும்தான் டிவியில் வந்த மூஞ்சி.

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. ஸ்டூடியோக்காரர் ஒன்றுக்கு நாலாகப் போட்டார்.

"இப்படிச் சிரிக்கிற மனுஷன் கடைசியில எப்படித்தாம்மா அடங்கினார்?" என்றார் டாக்ஸிக்காரர், மெதுவாக.

முதல் பிரதி வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்திலும் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாருங்க. 'உனக்குப் பிடிக்காத எவனையாவது நெனைச்சுக்கோய்யா, சிரிப்பு தானா நின்னுடும்'னு இந்த அண்ணன் கத்தினாராம்."

ஸ்டூடியோக்காரருக்கு அந்த ஆள் இன்னும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வசனம் மட்டும் ஞாபகம் இருந்தது. ஸ்டூலில் சிரிக்கிறவர்களிடமெல்லாம் சொல்வதுதான்.

"யாரை நெனைச்சாராம்?" என்று கேட்டார்.

அவள் படங்களைக் கவரில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எவ்வளவு யோசிச்சும் பிடிக்காதவங்கன்னு ஒருத்தர்கூட ஞாபகம் வரலையாம். நீங்களோ கத்திக்கிட்டே இருந்தீங்களாம். வேற வழியில்லாம உங்களையே நெனைச்சுக்கிட்டாராம்."