பாய் பார்க்காத காகிதம்

பதினொரு மணி வெயிலில் மரக்காணம் உப்பளம் கண்ணைக் கூசுகிறது. டீ விற்கும் கோட்டக்குப்பத்து ஹபீபுல்லா பாய் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ டம்ளரை நீட்டுகிறார். நீட்டும்போதே முகம் கடல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. பாக்தாத்தில் உளவுத்துறை ஆபீசில் பதினோரு வருஷம் டீ கொடுத்தவர். மேசைமேல் இருக்கும் காகிதத்தில் கண் படக் கூடாது என்பது அங்கே கட்டளை. அமெரிக்காவோடு சண்டை வந்து அந்த உளவுத்துறையையே கலைத்து ரெண்டு வருஷம் ஆகிறது. பாயின் கழுத்துக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த லூர்துமேரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுக்கிறாள். வானூரில் அத்தை வீட்டில் இருக்கும் மகள் பிரியதர்ஷினி நர்ஸ் படிப்புக்கு எழுதிப்போட்டதற்கு வந்த பதில். போஸ்ட்மேன் இப்போதுதான் கொடுத்துவிட்டுப் போனார்.

"படிச்சு சொல்லுங்க பாய்."

"அடுத்தவங்க பேப்பரை நான் பாக்கறதில்லம்மா," என்கிறார் பாய், கடலைப் பார்த்து.

"அந்த ஆபீசத்தான் இழுத்து மூடிட்டாங்களே, இன்னும் யாருக்கு பயப்படுறீங்க?"

கழுத்து மெதுவாகத் திரும்புகிறது. கவரை வாங்கிப் பிரிக்கிறார். விரல் வரிவரியாக நகர்கிறது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிகிறார். "சீட் கிடைச்சிருக்குது."

லூர்துமேரியின் கண் நிறைகிறது. "இத போய் ஏன் பாய் ரகசியமா சொல்றீங்க? எல்லாருக்கும் கேக்கட்டும், சத்தமா படிங்க!"

பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாருகிறவர்களின் பலகைகள் அப்படியே நிற்கின்றன. பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே இருக்கும் நம்பர், தேதி முதற்கொண்டு ஒன்று விடாமல் உப்பளம் முழுக்கக் கேட்கப் படிக்கிறார்.