வாடகை வேம்பு

புதுக் கட்டடத்துக்கு அனுமதி தர அதிகாரி வரும் நாளில் மட்டும் தொட்டி வேம்பும் காலித் தீயணைப்பு சிலிண்டரும் லாரியில் வாடகைக்கு வந்து இறங்கும்.

அதிகாரி போனதும் சிலிண்டர் அவர் குரலிலேயே கனைக்கும்: "ம்ம்... மரம் இருக்கு, பாதுகாப்பு இருக்கு, திருப்தி."

வேம்பு இலை உதிரச் சிரிக்கும். "ஒரு தடவையாவது மண்ணுல நிக்கணும்ணே."

"நின்னுட்டா எனக்கு யாருடா பேச்சுத்துணை?"

ஒருமுறை அடைமழையில் திரும்ப ஏற்றிப்போக லாரி வாரக்கணக்கில் வரவில்லை. வேம்பு தொட்டியின் அடித்துளை வழியே மண்ணுக்குள் வேரை இறக்கிவிட்டது. ஆட்கள் இழுத்ததில் தொட்டிதான் உடைந்தது. "கிடக்கட்டும் விடு" என்று சிலிண்டரை மட்டும் ஏற்றிப் போனார்கள்.

இப்போதும் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் சிலிண்டர் லாரியில் பக்கத்தில் நிற்கும் புது வாடகைப் புங்கங்கன்றிடம் சொல்லும்: "அதோ, ரெண்டாம் மாடியைத் தொட்டுட்டான் பாரு. என்கூட லாரியில வந்த பய."